ரெண்டு தட்டு, அப்புறம் ஒண்ணு

...அதனால சுட்டுத்தான் பாக்கணுமாம்! கேட்டியா தம்பி கூத்தை? தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய். ம்ம், அப்படித்தான். இருக்கா இல்லையான்னே தெரியாத ஒண்ணை, இருக்குன்னு காட்டறதுக்காக இல்லாம ஆக்கணுமாம். இது ஒரு தீர்மானம்! இதை முன்மொழிய ஒருத்தன், வழிமொழிய ஒருத்தன். நகலெடுத்து எல்லாருக்கும் குடுத்தாச்சு. உனக்கும் வந்திருக்குமே? படிச்சியா? ஐயையோ, தலையாட்டாத, கத்தி தொண்டையில இருக்கு. ஆமான்னா கண்ணைச் சிமிட்டு.

சிமிட்டிட்டே. நல்ல பிள்ளை.

ஓட்டுக் கேக்கறதுக்காக உன்னைப் புடிச்சு உக்கார வெச்சிருக்கேன்னு மட்டும் நினைக்காத. அந்த மாதிரி ஆளு நான் இல்ல. ஜன்னல் வழியாப் பாத்தேன், நீ போயிட்டிருந்தே, "தம்பி, கிருதா ஒரு பக்கம் இறங்கியிருக்கே"ன்னு சொன்னேன். உண்மையிலேயே இறங்கித்தான் இருந்துச்சு. கொஞ்சம். நாடி மேல நுரை போட்டதுக்கப்புறம் பேச்சு தானா வந்துச்சு. அவ்வளவுதான்.

நீ ஊருக்குப் புதுசு. மீன் பண்ணையில வேலை, சால்மன் குஞ்சுங்களோட பொழுது போயிடுது. நெட்டி சுட்டுக் கொண்டுவர்ற ஹக்கில்பெர்ரி பை, அதான் அந்தக் காட்டுப்பழப் பணியாரம், நல்லா இருக்கும்னு யாரோ சொல்லி, காட்டுல ரெண்டு கால்ல திரியுதுன்னு சொல்றாங்களே ஒரு ரோம ராட்சசன், அதுக்கான எங்க பிக்ஃபுட் தேடுவோர் சங்கத்துல பேர் குடுத்தே. தப்பில்ல. பாதிப்பேர் அதுக்காகத்தான் வர்றாங்க. ஆனா பாரு, இன்னிக்கு சாயங்காலம் தீயணைப்பு நிலையத்து மாடியில ஓட்டெடுப்பு. சுடலாம்னு பாதி, கூடாதுன்னு பாதி, சரிசமமா நிக்குது. மிச்சம் இருக்கறது உன் கை ஒண்ணுதான். பை தின்ன வந்தவன் கையில ஒரு உசிரு! ஜனநாயகம்னா இதுதான்.

சங்கம்னு பேரு பெருசா இருக்கு. உள்ள பாத்தா மூணு கட்சி. பல் டாக்டர் வெண்டல் இருக்காரே, அவருக்கு அது குரங்கு. பெரிய குரங்கு, அவ்வளவுதான், வேற பேச்சே கிடையாது. அவர் கிளினிக்குக்குப் போயிருக்கியா? நாற்காலியில சாஞ்சு வாயைத் திறந்தா, எதிர்ச் சுவர் முழுக்க பிளாஸ்டர்ல எடுத்த பாதம். பதினேழு அங்குலம்னு சீட்டு ஒட்டியிருப்பார். நான் போய் அவர் அளவு நாடாவை வாங்கிப் பாத்தேன் தம்பி. முனை கிழிஞ்சிருக்கு! முதல் ஒரு அங்குலமே காணோம்! அப்ப இத்தனை வருஷமா அளந்த பாதமெல்லாம் பதினாறுதானே? சொன்னேன். "மெர்ல், நீ ஒரு அங்குலத்துக்காக அறிவியலையே நிறுத்தறே"ன்னார். அறிவியல்னாலே அந்த ஒரு அங்குலம்தான்யா! விடு.

அடுத்தது நெட்டி. பள்ளிக்கூட பஸ் ஓட்டறாளே, அவதான். அவளுக்கு அது குரங்கும் இல்ல, மனுஷனும் இல்ல. காத்துல ஒரு கதவு இருக்காம். அதைத் திறந்துட்டு வருமாம், வேலை முடிஞ்சா மூடிட்டுப் போயிடுமாம். அதான் எலும்பு கிடைக்கலை, சடலம் கிடைக்கலைன்னு சொல்றா. "ஏம்மா, கதவு வழியா வந்து போற பிறவி சேத்துல எதுக்கு நடக்குது? கால்ல சேறு ஆகாம நேராப் போயிடலாமே?"ன்னு கேட்டேன். அதுக்கு அவ, "உங்களுக்குக் கதவு தெரியாது மெர்ல், ஏன்னா நீங்க எப்பவும் பூட்டியே வெச்சிருக்கீங்க"ன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லலை.

மூணாவது ஆர்விட். எதிர்ல ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கான் பாரு, பச்சைக் கதவு. அவனுக்கு அது நம்ம பங்காளி. ஏதோ ஒரு காலத்துல சொத்துத் தகராறுல காட்டுக்குப் போன சித்தப்பன் வழி. சங்கத்தை ஆரம்பிச்சதே அவனும் நானும்தான். நான் எந்தக் கட்சின்னு கேக்கறியா? நான் செயலாளர். செயலாளருக்குக் கட்சி கிடையாது, எரிச்சல்தான் உண்டு.

மேல் உதட்டை உள்ள இழு. ம்ம்.

மரம் தட்டறதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? அன்னிக்குக் கூட்டத்துல எல்லாரும் பேசினப்ப நீ பை தின்னறதுல மூழ்கியிருந்தே. ஒரு பேஸ்பால் மட்டையை எடுத்துட்டு மேட்டுக்குப் போகணும். நல்ல காஞ்ச தேவதாரு மரமாப் பாத்து, பொளேர்னு ரெண்டு தட்டு. அப்புறம் வாயை மூடிட்டுக் காத்திருக்கணும். அது அங்க எங்கயாவது இருந்தா, பதிலுக்குத் தட்டும். அப்படித்தான் அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமாம். யார் சொன்னா? தட்டினவங்க சொன்னாங்க. யார் கேட்டா? தட்டினவங்களே கேட்டாங்க. சரி விடு.

ஆர்விட் ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் போவான். ரெண்டு தட்டுவான். காத்திருப்பான். பதில் வந்தா பதிய வெச்ச ரெக்கார்டரை அணைச்சிட்டு வருவான். வருஷக்கணக்கா இதே கதை. ஒரு மரங்கொத்தி கூட மதிச்சு பதில் சொல்லலை. பெண்டாட்டி பார்பரா செத்துப் போனதுக்கப்புறமும் விடலை. அப்புறம் ஒருநாள் இங்க வந்து, இதே நாற்காலியில உக்காந்து, "மெர்ல், கடையை வித்துடப் போறேன். பொண்ணு அரிசோனாவுக்கு வரச் சொல்றா. வீட்டுப் பக்கத்துலயே கோல்ஃப் இருக்காம்"னான். கோல்ஃப்! மழைக்கோட்டோட பொறந்தவன் தம்பி அவன். வெயில் அடிச்சா தும்முவான். அரிசோனாவுல போய் என்னத்தைத் தட்டுவான்? கள்ளிச் செடியையா?

"போறதுன்னா போ, முடி வெட்டிட்டுப் போ"ன்னேன்.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை... வந்துச்சு பதில்! பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஹக்கில்பெர்ரி மேட்டுலேருந்து. ரெண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒண்ணு. ஆர்விட் ஓடி வந்தான் பாரு, தொப்பியைக் காட்டுலயே விட்டுட்டு. அரிசோனாப் பேச்சு அன்னியோட போச்சு. பொண்ணுக்கு போன் போட்டு, "இங்க எனக்கு வேலை இருக்கு"ன்னுட்டான்.

சங்கமே பத்திக்கிச்சு. எதுல? பதில் வந்ததுல இல்ல. அந்த மூணாவது தட்டு ஏன் லேட்டா வருதுங்கறதுல! வெண்டல் ஒரு கட்டுரையே வாசிச்சார். மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச குரங்காம், ரெண்டுக்கப்புறம் யோசிக்குதாம். நெட்டி சொன்னா, ரெண்டு தட்டு இந்தப் பக்கம், மூணாவது தட்டு கதவுக்கு அந்தப் பக்கம், அதான் தூரமாக் கேக்குது. ஆர்விட் மட்டும் மெதுவாச் சொன்னான், "துக்கத்துல இருக்கு. யாரையோ இழந்திருக்கு"ன்னு. நான் அதைக் கூட்டக் குறிப்புல எழுதலை.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பதான் போன மாசக் கூட்டத்துல ஒருத்தன் எழுந்து நின்னு, "சத்தம் ஆதாரம் ஆகாது. பாதம் ஆதாரம் ஆகாது. உடம்பு வேணும். தட்டற இடத்துக்குத் துப்பாக்கியோட ஆள் அனுப்புவோம்"னான். யாருங்கறே? வெண்டலா? இல்ல தம்பி. ஆர்விட்! பங்காளின்னவன்! துக்கத்துல இருக்குன்னவன்! துக்கத்துல இருக்கறவனை எப்படித் தேத்தறதுன்னு பாத்தியா?

நான் விடுவேனா? எழுந்தேன். இந்த மாநிலத்துலயே ஒரு கவுண்டியில, அதான் மாவட்டத்துல, இதைச் சுட்டாக் குத்தம்னு சட்டம் இருக்குன்னேன். "இது அந்த கவுண்டி இல்லையே"ன்னார் வெண்டல். பங்காளியைச் சுட்டா அதுக்கு என்ன பேருன்னு ஆர்விட்டைக் கேட்டேன். கூரையைப் பாத்தான். கடைசியா, "ஏங்க, ஒருவேளை அங்க இருக்கறது மனுஷனா இருந்தா?"ன்னேன். அதுக்கு வெண்டல், "எந்த மடையன் சனிக்கிழமை சாயங்காலம் கொட்டற மழையில மேட்டுல உக்காந்து மரத்தைத் தட்டிட்டிருப்பான்?"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நெட்டிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

நானும் சிரிச்சேன்.

...என்ன பாக்கறே? கண்ணாடியில என்னையே பாக்கறியே. முகத்தைத் திருப்பு, இந்தக் கன்னம் பாக்கி இருக்கு.

சரி. ஓட்டுக் குடுக்கப் போறவன்கிட்ட மறைக்கக் கூடாது. அந்த மூணாவது தட்டு ஏன் லேட்டா வருது தெரியுமா? தோள்பட்டை! காலம் முழுக்கக் கையைத் தூக்கி ஊரான் தலையில வேலை செஞ்ச தோள்பட்டை. ரெண்டு தட்டுக்கு மேல எழும்ப மாட்டேங்குது. மட்டையைக் கீழ வெச்சு, தேச்சு விட்டுட்டு, மறுபடி எடுக்க வேண்டியிருக்கு. அதான் இடைவெளி. மூணாவது எதுக்குன்னா... ரெண்டோட நிறுத்தினா எதிரொலின்னு நினைச்சுடுவான் ஆர்விட். சந்தேகப் பிராணி.

ஆமாய்யா, நான்தான்! சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேனே, அந்த அக்கா வீடு ஹக்கில்பெர்ரி மேட்டுலதான் இருக்கு. ஈரப் பாறை மேல. ஒரு தடவை தட்டிட்டு நிறுத்திடலாம்னுதான் போனேன். கடை விக்கறதைத் தள்ளிப் போட்டா போதும்னு. ஆனா தொப்பி இல்லாம ஓடி வந்தவன் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படி நிறுத்தறது? ஒரு வாரம் பதில் இல்லைன்னா அரிசோனா. பதில் இருந்தா துப்பாக்கிக் குண்டு. கல்யாணமும் பண்ணிக்கலை, கடனும் வாங்கலை, நிம்மதியா இருந்தவன் நான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அதனால, சாயங்காலம் "கூடாது"ங்கறவங்களோட கை தூக்கிடு. ஏன்னு கேட்டா அந்தப் பிராணி மேல பரிதாபம்னு சொல்லு. பொய் இல்ல, பரிதாபம்தான். இந்தா, துண்டு. தொடைச்சுக்கோ. இப்ப பேசலாம் நீ.

என்ன?

யாரு வந்தா பண்ணைக்கு? ஆர்விட்டா? நேத்தா? உன்கிட்ட ஓட்டுக் கேட்டானா! பாத்தியா, நரி! வேலை செய்யற இடம் வரைக்கும் வந்து, சுடணும்னு...

கூடாதுன்னு போடச் சொன்னானா?

இரு, இரு. தீர்மானம் கொண்டு வந்தவனே அவன்தானேய்யா. தன் தீர்மானத்துக்கு எதிரா தானே ஓட்டுச் சேக்கறானா? பைத்தியமா அவனுக்கு?

ம்ம்... ம்ம்... என்னது? பயமுறுத்தத்தான் கொண்டு வந்தானா? யாரைப் பயமுறுத்த? ...மழையில உக்காந்து செத்துப் போயிடுவான்னா? யாரு? நானா? எனக்கா நெஞ்சுச் சளி? துப்பாக்கின்னு சொன்னா பயந்துட்டு வீட்டுல கிடப்பான்னு பாத்தானா? அப்புறம் இந்த மண்டூகங்க நெசமாவே கை தூக்கறேன்னு நிக்கறானுங்களா! தூக்குவானுங்க, பின்ன? ஆர்விட் சொன்னா எதுக்கு வேணா தூக்குவானுங்க.

அப்ப அவனுக்குத் தெரியும்.

எப்பலேருந்து? ...முதல் நாள்லேருந்தேவா?

எப்படிடா தெரிஞ்சுது! ...இருமலா? மூணாவது தட்டுக்கு முன்னாடி ஒரு இருமல் கேக்குதா? ரெக்கார்டர்லயும் விழுந்திருக்கா? பொய். வெண்டல் அதை வீட்டுல போட்டுப் போட்டுக் கேட்டவர், அவர் காதுல விழாமலா... என்னது? வெட்டி எடுத்துட்டுத்தான் குடுப்பானா? ஒவ்வொரு தடவையுமா? ரேடியோவுல பாட்டு மாத்தத் தெரியாதவன், இருமலை வெட்டக் கத்துக்கிட்டானா?

அப்ப தொப்பியை விட்டுட்டு ஓடி வந்தது... சிரிப்பை அடக்கிட்டா ஓடி வந்தான்?

சரி, தெரிஞ்சவன் வாயைத் திறந்து சொல்லிட்டு நிறுத்தித் தொலைச்சிருக்கலாமே. வாராவாரம் அவனும் எதுக்கு மட்டையைத் தூக்கிட்டுப் போறான்? ...சொல்லு, பரவாயில்லை. என்ன சொன்னான்?

"நான் தட்டலைன்னா மெர்ல் சனிக்கிழமை எங்க போவான், பாவம்."

பாவமா! நான் பாவமா! யாரு யாரைப் பாவம்ங்கறது? பெண்டாட்டி போனவன் அவன், சனிக்கிழமை போக்கிடம் இல்லாதவன் அவன், அவனுக்காக நான் ஈரப் பாறையில உக்காந்து... இவன் எனக்குப் பரிதாபப்படறானாம்! எவ்வளவு கொழுப்பு பாரு!

எழுந்திருக்காத, காதுக்குப் பின்னால நுரை இருக்கு. ...சரி, கிளம்பு, கிளம்பு. சாயங்காலம் கூடாதுன்னே போடு, ரெண்டு பேரும் சொல்லிட்டோமே. வர்ற சனிக்கிழமையா? போவேன், போகாம? இருமல் மருந்து குடிச்சிட்டுப் போவேன்.

ஆனா தம்பி, கதவை மூடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போ. எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. மானஸ்தன் அவன். தெரிஞ்சா மறுநாளே அரிசோனாவுக்குக் கிளம்பிடுவான்.