‘இத்துடன்’ என்ற சொல்லுக்குத் தடை விதித்தவருக்கு

நாவெழாத பிள்ளைகளுக்கு நம்பிக்கை தந்த நல்லாசிரியரே! மேடை கண்டு மிரண்டவரை மேடைக்கே முந்தி ஓட வைத்த மேன்மையே! சொல்லிலே சுருக்கமும் அன்பிலே பெருக்கமும் கொண்ட எங்கள் தமிழ் டீச்சரே! வணக்கம்.

பொறுங்கள், கையை இறக்குங்கள். “சபைக்கு மாலை போட்டது போதும், விஷயத்துக்கு வா” என்று நீங்கள் சொல்லப்போவது எங்களுக்குத் தெரியும். விடைபெறும் நாளாயிற்றே என்று இந்த மூன்று அடைமொழிகளை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், பையை மாட்டிக்கொண்டு பாதி வாசலில் நிற்கும் பிள்ளைகளை மூன்று நிமிடப் பேச்சுக்காக உட்கார வைத்தவர் நீங்கள். பேசும் பிள்ளையைக் கரும்பலகை அருகே நிறுத்திவிட்டு, நீங்கள் போய்க் கடைசி பெஞ்சில் அமர்வீர்கள். குரல் எட்டாவிட்டால் உங்கள் கை உயரும், எட்டியதும் இறங்கும். “கேக்கிறவங்ககிட்ட உனக்கு என்ன வேணும்?” என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் எவரும் பேனாவைத் திறக்கலாம்.

பாதியில் மறந்துபோனால், “இத்துடன் என் சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்” என்று ஒரே தாவாகத் தாவி ஓடுவது நம் பள்ளியின் பரம்பரைச் சொத்து. தூய்மையைப் பற்றிப் பேச வந்த பிள்ளை, வணக்கம் சொன்ன கையோடு ‘இத்துடன்’ சொல்லிவிட்டு இறங்கிய அன்று, அந்தச் சொல்லுக்கே தடை போட்டீர்கள். “மறந்தா ஓடாதே. நில்லு, மூச்சு விடு. வீட்ல அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவியோ, அப்படிச் சொல்லு” என்றீர்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்தப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுப்பதென்று சென்ற மாதம் முடிவானது. “ரிட்டயர் ஆகிறது நான்தானே சார்? பீரியடும் எதுக்கு ரிட்டயர் ஆகணும்?” என்று தலைமையாசிரியரிடம் கேட்டீர்கள். அவர் தேர்வு முடிவுகளைக் காட்டினார். நீங்கள் தேநீரைத் தொடாமல் எழுந்து போனீர்கள். ஆசிரியர்கள் எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திறந்தவள் ஆறாம் வகுப்பு மாணவி. வருகைப் பதிவின்போது ‘உள்ளேன்’ என்பதையே காற்றுக்கு மட்டும் கேட்கும்படி சொல்பவள். காலைக் கூட்டத்தில் பேச்சுப் பயிற்சியின் பயன்களை அழகாக அடுக்கிக்கொண்டே வந்தவள், நடுவில் நின்றுவிட்டாள். இதோ ‘இத்துடன்’ வரப்போகிறது என்று நாங்கள் தலை குனிந்தோம். வரிசைகளின் கடைசியில் நின்ற நீங்கள் அசையவில்லை. அவள் மூச்சு விட்டாள்.

“சார், எழுதிட்டு வந்தது மறந்துபோச்சு. ஆனா என்ன வேணும்னு மறக்கல. வெள்ளிக்கிழமை பீரியடை எடுத்துடாதீங்க சார்.”

தலைமையாசிரியர் மைக்கை வாங்கி, “எடுக்கல” என்றார். அவர் ஆற்றியதிலேயே மிகச் சிறிய உரை அதுதான்; கைதட்டல் அதிகம் விழுந்ததும் அதற்குத்தான்.

இனி அந்தப் பீரியடை நடத்தப்போகிறவர், அதை வாங்கிக்கொள்ளவிருந்த கணக்கு ஆசிரியரே. கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த மடலை வாசிப்பவரும் அவர்தான். இடையில் அவர் நின்றுவிட்டால், அது மறதி அல்ல என்று அறிக.

நீண்ட ஆயுளும், நிறைந்த நலமும், மணியோசை எழுப்பாத காலைத் தூக்கமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க! ஆனால் கேட்பவரிடம் என்ன வேண்டும் என்று சொல்லாமல் முடித்தால் உங்களிடம் மதிப்பெண் கிடைக்காதே. எங்களுக்கு வேண்டியது இதுதான், டீச்சர்: ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை வாருங்கள். கடைசி பெஞ்சில் உட்காருங்கள். எங்கள் குரல் எட்டவில்லையென்றால் கையை உயர்த்துங்கள்.

‘இத்துடன்’ சொல்லாமல் கையொப்பமிடும்,
ஆசிரியர்களும் அலுவலர்களும்