அந்தரத்தில் இருக்கிறவன்

நீங்கள் வந்ததிலிருந்து இடது பக்கமாகவே சாய்ந்து எழுதுகிறீர்கள், மேடம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வையுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பதினாறு வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருப்பவன். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அவன் என் மனைவியின் தம்பி. ஆமாம், பதினான்கு வாரம் அவனுடைய வலது கைக்கு நான்தான் சிகிச்சை கொடுத்தேன். வேறு யாரிடமும் அவன் போகவில்லை. போகவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டு அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதற்கு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கி விளையாட்டு. இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒளிந்திருந்து சுடுபவன், கண்ணி வைப்பவன், ராக்கெட் விடுபவன் என்று பல உண்டு. நான் மெடிக். அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை. துப்பாக்கி என்று பெயருக்கு ஒன்று கொடுப்பார்கள். அதைக் கையில் எடுத்தால் நம் ஆட்களே திட்டுவார்கள். என் மைத்துனன் ராக்கெட்காரன். நான்கு வருடம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடினேன்.

அதில் ராக்கெட் காலடியில் வெடித்தால் ஆளை அப்படியே மேலே தூக்கி எறியும். சிலர் வேண்டுமென்றே தங்கள் காலடியில் சுட்டுக்கொண்டு பறந்து வருவார்கள். அப்படி மேலே போனவனை அடிப்பது கஷ்டம். ராக்கெட் மெதுவாகத்தான் போகும். அது போய்ச் சேரும்போது ஆள் அங்கே இருக்கமாட்டான். அடித்துவிட்டால் அதற்கு ஏர்ஷாட் என்று பெயர். மற்றவர்களுக்கு ஆட்டத்துக்கு ஒன்று விழுந்தால் பெரிய காரியம். என் மைத்துனனுக்குப் பத்து, பன்னிரண்டு விழும். அவனுடைய ஆட்டத்தை நேரலையில் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். அவர்கள் அவனுக்கு உண்டிவில் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எப்படி அடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"சிம்பிள் மாமா. தரையில நிக்கிறவன் எந்தப் பக்கம் வேணா ஓடுவான். மேல போயிட்டான்னா அவன் கையில ஒண்ணும் இல்ல. எங்க வந்து விழுவான்னு அவனுக்கு முன்னாடி நமக்குத் தெரியும். அங்க அடிக்க வேண்டியதுதான்."

நன்றாகச் சொன்னான். எனக்கு உடனே புரிந்தது.

எனக்கும் ஒரு பெயர் வைத்தான். பஞ்சு, காயத்தில் வைக்கிற பஞ்சு. "பஞ்சு, பின்னாடி வா. பஞ்சு, எங்க போய்த் தொலைஞ்ச." ஆட்டத்தின் நடுவில் மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்பான். மாமா இரண்டெழுத்து, பஞ்சு மூன்றெழுத்து. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பார்க்கிற ஆயிரம் பேருக்கும் நான் பஞ்சு ஆனேன். ஒருநாள் அடுப்படியிலிருந்து என் மனைவி, "பஞ்சு, சாப்பிட வாங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான். அவள் மனதில் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற நால்வரும் வரவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நாங்கள் இருவர் மட்டும். பார்ப்பவர்கள் ஏதாவது காட்டு என்று கேட்டார்கள். "மாமா, நீங்க சும்மா நடுவுல நில்லுங்க" என்றான். என் காலடியில் ஒரு ராக்கெட் விட்டு என்னை மேலே தூக்கினான். மேலே இருக்கும்போது இன்னொன்றால் அடித்தான். ஐம்பது தடவை. நாற்பத்து மூன்று பட்டது. ஒவ்வொன்றுக்கும் திரையின் ஓரத்தில் ஜனங்கள் சிரித்துத் தள்ளினார்கள். முப்பதாவதில் என் மனைவி வந்து எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் பாருங்கள், என் முகத்தில் கோபம் இருக்காது. எனக்குக் கோபம் வருவதில்லை.

அடுத்த மாதம் ஒரு பெரிய அணியிலிருந்து அவனை அழைத்தார்கள். சம்பளம், தங்கும் இடம், எல்லாம் அவர்களே. மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை ஆட்டம். அதில் ஆடிக்காட்டினால் போதும். போனில் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்தான். என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"மெடிக்கா? அது எங்க அக்கா வீட்டுக்காரர். அவர் வேண்டாம். பஞ்சுதானே, எந்தப் பஞ்சை வெச்சாலும் ஒண்ணுதான்."

நான் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். முழு சட்டையையும் போட்டு முடித்தேன். காலர் கூடச் சரியாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவனாகத்தான் கிளினிக்குக்கு வந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் கூப்பிடவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறது என்றான். நாளுக்கு ஒன்பது மணி நேரம் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி மவுஸைப் பிடித்தால் மரக்கத்தான் செய்யும். முழங்கையின் உள்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று இழுக்குமே, அந்த இடம். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது. அதன்மேல் அழுத்தம் படாமல் பார்த்துக்கொண்டு, இரவில் கையை நீட்டித் தூங்கினால் ஆறேழு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். படித்து முடித்த முதல் வருடத்திலேயே எவருக்கும் தெரிகிற விஷயம்.

நான் அவனுக்கு ஒரு பட்டை தைத்துக் கொடுத்தேன். உள்ளே கெட்டியான ரப்பர் துண்டு வைத்து, அது சரியாக அந்தப் பள்ளத்தில் உட்காரும்படி. ஆடும்போது இறுக்கிக் கட்டு என்றேன். தூங்கும்போது கையை மடக்கி மார்பின்மேல் வைத்துக்கொள் என்றேன். நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்தான். அவனைப்போல ஒழுங்கான நோயாளியை நான் பார்த்ததில்லை.

ஏழாவது வாரம் என் மனைவிதான் ஆரம்பித்தாள். என் கிளினிக்கில் நேரம் குறித்துக்கொடுப்பது அவள்தான்.

"என்னங்க, தம்பி டம்ளரை நழுவ விடறான். ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமே."

எழுதிக் கொடுத்தேன். மறைக்க வேண்டும் என்றிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேனா. எட்டாவது வாரம் நரம்புப் பரிசோதனையின் அறிக்கை என் பெயருக்கு வந்தது. நரம்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது, உடனே அறுவைச் சிகிச்சை நிபுணரைப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். மேசையின் மூன்றாவது இழுப்பறையில் வைத்தேன்.

"என்ன மாமா போட்டிருக்கு?" என்று கேட்டான்.

"லேசான வீக்கம். வேற ஒண்ணும் இல்ல. பட்டையைக் கழட்டாம பார்த்துக்கோ."

"அப்பாடா," என்றான். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்லயே டாக்டர் இருக்கிறது எவ்வளவு நிம்மதி தெரியுமா" என்றான். பஞ்சு என்று கூப்பிட்டு அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வாரம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்துப் பிடிக்கச் சொல்லி, நான் இழுப்பேன். நல்ல கையாக இருந்தால் கார்டு கிழியுமே தவிர வராது. ஆறாவது வாரம் கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. ஒன்பதாவது வாரம் சுலபமாக வந்தது. பதினோராவது வாரம் ஜன்னலைத் திறந்திருந்தால் காற்றே எடுத்துக்கொண்டு போயிருக்கும். "போன வாரத்துக்கு இப்ப நல்லாவே பிடிக்கிற" என்றேன். அந்த இரண்டு விரலுக்கும் நடுவில் புறங்கையில் கொழுகொழுவென்று இருக்கும் சதை வற்றி ஒரு குழி விழுந்திருந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்து, "இது என்ன மாமா?" என்றான். வீக்கம் வடிகிறது என்றேன். நம்பினான்.

பன்னிரண்டாவது வாரம் சோதனை ஆட்டம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்று கெஞ்சினான். போனேன். நீளமான ஓர் அறை, வரிசையாகத் திரைகள், குளிரூட்டியின் சத்தம். அவன் நாற்காலிக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். எதிரிகள் பதினொரு தடவை பறந்து வந்தார்கள். எண்ணினேன். எங்கே விழுவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தது. கண் சரியாக அங்கே போனது, கை போகவில்லை. ஒருமுறை மவுஸ் விரலிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. அந்த அணியின் பயிற்சியாளர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மரியாதையான மனிதர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அழுதான். கைக்குட்டை கொடுத்தேன்.

"மாமா, கை சரியாயிடும்ல?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பார்த்தேன். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்கு முன்னால் வந்த அதிகாரி கேட்டார். பாதியில் விடுவது என் வழக்கம் இல்லை.

பதினான்காவது வாரம் என் மனைவி கத்தரிக்கோலைத் தேடி மூன்றாவது இழுப்பறையைத் திறந்தாள். அறிக்கையை எடுத்துப் படித்தாள்.

"இது எப்ப வந்துது?"

"எட்டாவது வாரம்."

"இப்ப எத்தனாவது?"

"பதினாலு."

நோயாளிகள் படுக்கும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. "அவன் உங்களை என்னங்க பண்ணினான்?" என்று மட்டும் கேட்டாள். அவளும் அன்று சேர்ந்துதான் சிரித்தாள் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. அவளாகவே உங்களுக்குப் புகார் எழுதினாள். கையெழுத்து வழக்கம்போல அழகாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை செய்தவர், எட்டாவது வாரம் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்னதாக உங்கள் கோப்பில் இருக்கிறது. அது சரி. நானும் அதே கணக்குதான் போட்டிருந்தேன். தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள், அது என் தொழிலுக்கு அவமானம். அந்த நரம்பை நான்தான் கொன்றேன். தெரிந்து, நாள் குறித்து, பொறுமையாக. இனி அவனால் அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது. சாவியைத் திருப்ப முடியாது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்னொரு விஷயம். அவன் இப்போது இடது கையால் பழகுகிறானாம். பறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேரை அடித்துவிடுகிறானாம். என் மனைவி யாரிடமோ சொன்னது என் காதுக்கு வந்தது. ஆனால் போன வாரத்திலிருந்து அந்தக் கையிலும் சுண்டுவிரல் லேசாக மரக்கிறதாம். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மேடம். வேறு யாரிடமும் காட்டவேண்டாம். அவன் உடம்பு எனக்குத்தான் தெரியும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.