ஹாலுக்குள்ள ஒரு ஷண்டிங் எஞ்சின்

அய்யோ, மிதிச்சிடாதீங்க சார், அது சிக்னல். இந்தப் பக்கமா வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கடியில லைன் போகுது. நீங்க உக்காந்து அது ஆடிச்சுன்னா வண்டி தடம் புரளும், அப்புறம் எங்க வீட்டுக்காரர் கடையிலேருந்து வந்து நம்ம ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணிடுவாரு. இப்ப எஞ்சின் முட்டிக் கவுந்துச்சே மூணு வேகன், அதுங்க அப்படியே கிடக்கட்டும். தொட்டா எனக்குத்தான் திட்டு விழும்.

தண்டவாளத்துல தூசி, அதான் வண்டி இடிச்சுடுச்சுங்கறாரு. அதைத் துடைக்கிற மருந்து வாங்கத்தான் அப்படி ஓடினாரு. இப்ப வந்துடுவாரு.

பொம்மையா? நல்லவேளை, அவரு காதுல விழல. மாடல்னு சொல்லணும் சார். ரயில்வே யார்டுல அவரு ஓட்டின அதே டீசல் எஞ்சின், அதே நம்பர். இந்தப் படி ஓரத்துல நெளிசல் தெரியுதா? வாங்கும்போது இல்ல. நிஜ எஞ்சின்ல இருக்குன்னு இவரே சூடு காட்டி இடுக்கியால நெளிச்சாரு. புதுசா வாங்கின சாமானை உக்காந்து நெளிக்கிற மனுஷனை எங்கயாவது பாத்திருக்கீங்களா?

ஹாரன்கூட அடிக்கும், டிஜிட்டலாச்சே. சின்னதா ரெண்டு தடவை அடிச்சா டீ வேணும்னு அர்த்தம். நீளமா ஒண்ணு அடிச்சா டீ ஆறிப்போச்சுன்னு அர்த்தம். நான் பதிலுக்குப் பாத்திரத்தை டமார்னு வெப்பேன். அதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

மாப்பிள்ளை ரயில் ஓட்டறாருன்னாங்க. ஊர் ஊராச் சுத்தலாம்னு நானும் பல்லைக் காட்டிகிட்டுத் தலையாட்டினேன். கழுத்துல தாலி ஏறினப்புறம்ல தெரியுது, ஷண்டிங் எஞ்சின் யார்டு கேட்டையே தாண்டாதுன்னு. இந்த லைன்லேருந்து இழு, அந்த லைன்ல தள்ளு. என் அடுப்படி நடையைவிட மோசம். கேட்டா, வேகமா ஓட்ட எவனாலயும் முடியும்டி, இடிக்காம போய் வேகனோட ஒட்டணும், அதுதான் வேலைன்னுவாரு.

அது நிஜம்தான். டிரைவருங்களுக்கெல்லாம் டெஸ்ட் வெக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? எஞ்சினுக்கும் வேகனுக்கும் நடுவுல கொக்கி மாட்ட ஒரு ஆள் போய் நிக்கணும். இவரு எஞ்சினுக்கு அந்த ஆள் என் தம்பி. இவரை எனக்குப் பாத்துக் கட்டி வெச்சதே அவன்தான்.

ஆமா, எஞ்சின் படியிலேருந்து விழுந்தாரே, அப்ப தோள்பட்டை நரம்பு போயிடுச்சு. கை சொன்ன பேச்சைக் கேக்கல. டம்ளரை எடுத்தா வெடுக்குனு இழுக்கும். லீவுல சும்மா இருக்க மாட்டாம, கைக்குப் பயிற்சின்னு இதை வாங்கினாரு. இந்தக் கன்ட்ரோல் பெட்டியில திருகு இருக்கே, அதைத் தொட்டாருன்னா எஞ்சின் பாஞ்சு போய் வேகனை இடிக்கும். இடிச்சதும் ஹாரன் கிடையாது, டீ கிடையாது. சுவத்தைப் பாத்துகிட்டு உக்காந்திருப்பாரு. என்னால பாக்க முடியல சார்.

எஞ்சின் வயித்துக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அதுல ஒரு நம்பரைக் கூட்டி வெச்சா, திருகை எவ்வளவு வெடுக்குனு திருப்பினாலும் வண்டி மெதுவாத்தான் கிளம்பும், மெதுவாத்தான் நிக்கும். இவருக்கு போன்ல அலாரம் வெக்கவே வராது, செட்டிங் பூரா நான்தான். ஒருநாள் மூச்சு விடாம அதைக் கூட்டி வெச்சேன். மறுநாள் வண்டி பூ மாதிரி போய் ஒட்டிச்சு. கை வந்துருச்சு, கை வந்துருச்சுன்னு வீடு பூரா ஆடறாரு. எனக்கும் சந்தோஷம்தான், மனுஷன் வயிறாரச் சாப்பிட்டாரேன்னு. அதோட விடுவாருன்னு பாத்தா, உங்களையே கூட்டிட்டு வந்து, என் கையைப் பாருங்க, திங்கக்கிழமை நிஜ எஞ்சின்ல ஏத்தி டெஸ்ட் வெய்யுங்கங்கறாரு.

தூசியெல்லாம் இல்ல சார். இன்னைக்குக் காலையில அவரு குளிக்கப் போனப்ப அந்த செட்டிங்கை நான் எடுத்துட்டேன். நீங்க இப்பப் பாத்ததுதான் அவரோட கை.

திட்டுவாருங்கற பயமெல்லாம் இல்ல. கையை நம்பிட்டாரே, அந்த மனுஷன்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? நீங்க சொன்னா கேட்டுப்பாரு. வேற எந்த வேலை வேணும்னாலும் குடுங்க, எஞ்சின்ல மட்டும் ஏத்தாதீங்க. திங்கக்கிழமை லீவு போடுடான்னு நேத்து தம்பிகிட்ட கெஞ்சினேன். சிரிக்கிறான். அத்தான் ஓட்டினா கண்ணை மூடிட்டு நடுவுல போய் நிப்பேன் அக்காங்கறான்.

கேட் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க சார்.