ஹெஸ்ஸலின் பக்கத்தில் வந்த சைக்கிள்

பிப்ரவரி மாதம். மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. முப்பத்தேழாம் எண் கம்பத்திலிருந்து நாற்பத்தொன்றாம் எண் கம்பம் வரை, கால்வாய்க் கரையோடு எட்டு கிலோமீட்டர்... நாளைக் காலையில் நீங்கள் போகப்போவதாகச் சொன்னீர்களே, அதே பாதைதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

அந்தக் கதவைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்கள். ஈரக்காற்று வருகிறது.

அந்தப் பாதையில் கார் கிடையாது. வீடு கிடையாது. ஒரு மரம்கூடக் கிடையாது. வலது பக்கம் கால்வாய், இடது பக்கம் புல்வெளி, நடுவில் இரண்டு சைக்கிள் அகலத்துக்குக் கான்கிரீட் பலகைகள். ஒவ்வொரு பலகை மூட்டிலும் முன்சக்கரம் ஒரு தடவை இடிக்கும், பின்சக்கரம் ஒரு தடவை இடிக்கும். டக்-டக். கொஞ்சம் இடைவெளி. டக்-டக்.

என் தோழி வீட்ஸ்காவின் அண்ணன் ஹெஸ்ஸலுக்கு நடந்தது இது. முப்பத்திரண்டு வருடம் பால் லாரி ஓட்டிய மனிதர். விடியுமுன் கிளம்பி, பண்ணை பண்ணையாகப் பால் எடுத்து, தொழிற்சாலையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். லாரியில் அவர் மட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, சைக்கிள்காரர்களுக்கு வழி காட்டும் எண் கம்பங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார். பையில் ஒரு துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். கம்பத்தில் படிந்த பாசியைத் துடைப்பார், ஆடும் எண் பலகையை முடுக்குவார், அடுத்த கம்பத்துக்குப் போவார்.

கோடையில் எதிரே ஜோடி ஜோடியாக வருவார்கள். ஒரே நிறச் சட்டை போட்ட வயதான புருஷன் பெண்டாட்டிகள், பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. இவர் புல்லில் இறங்கி வழிவிடுவார். அவர்கள் வணக்கம் சொல்வார்கள். இவரும் சொல்வார். சில நாட்களில் அவர் வாயைத் திறந்ததே அதற்கு மட்டும்தான்.

அன்றைக்கு மூடுபனி. விளக்கு வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டவில்லை. டக்-டக்... அவர் சைக்கிள். அதன் பின்னாலேயே இன்னொரு டக்-டக்.

எதிரொலி என்று நினைத்தார். பிறகுதான் உறைத்தது... அந்தச் சமவெளியில் ஒலி மோதித் திரும்ப என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை.

முந்திப் போகட்டும் என்று வலது ஓரமாக ஒதுங்கினார். சத்தம் நெருங்கியது. இடது பக்கம், தோளுக்கு நேராக வந்தது. முந்தவில்லை. அங்கேயே நின்று கூடவே ஓடியது. திரும்பிப் பார்த்தார். வெள்ளையாகப் பனி. கால்வாயைத் தூர் வாரும்போது மேலே கொட்டும் சேறு இருக்கிறதே, அந்த வாசனை.

நிறுத்தி, ஒரு காலைக் கீழே ஊன்றினார். பக்கத்தில் இன்னொரு பூட்ஸ் கான்கிரீட்டில் உரசி நின்றது.

நீங்களும் நானுமாக இருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்போம். ஹெஸ்ஸல் ஓடவில்லை.  பிறகு, "பனி ரொம்ப மோசம், இல்ல?" என்றார்.

 மறுபடி அவர் மிதித்ததும் அதுவும் மிதித்தது.

அந்த எட்டு கிலோமீட்டரும் பேசினாராம். லாரியைப் பற்றி, அப்பா விற்றுவிட்ட மாடுகளைப் பற்றி, பதினெட்டு வயதில் ஒரு பெண்ணிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைப் பற்றி. ஊரின் முதல் தெருவிளக்கு வந்தபோது பக்கத்தில் சத்தம் இல்லை.

மறுநாள் தங்கை வீட்டில் பட்டாணி சூப் குடிக்கும்போது இதைச் சொன்னார். வீட்ஸ்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எட்டு கிலோமீட்டர் கூட வந்திருக்கா, பேரைக் கூடக் கேக்கலியா? அதான் இன்னும் ஒண்டிக்கட்டையா கெடக்கறே!"

"ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது. சத்தம் மட்டுந்தான்."

"ஒன்னோட பழைய சைக்கிள் சங்கிலியா இருக்கும். எண்ணெய் விடு."

"சங்கிலி நின்னு கேக்குமா, வீட்ஸ்கா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு பனி விழுகிற நாளெல்லாம் கிளம்பிவிடுவார். கம்பங்களைத் துடைக்கிற வேலை இருக்கிறதோ இல்லையோ, கிளம்பிவிடுவார். முகத்தை மழித்துக்கொண்டார். சர்க்கரை ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டி எடுத்துப் போனார். அண்ணன் முகத்தில் இப்படி ஒரு தெளிச்சியைப் பார்த்ததே இல்லை என்று முதலில் வீட்ஸ்காவுக்குச் சந்தோஷம்தான். சும்மா இருந்துவிட்டாள். அதற்காக இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் அவர் சைக்கிள் அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கைப்பிடியின் வலது முனையில் நாணல் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தார். வலது கால் பூட்ஸ் மட்டும் முழுக்க நனைந்திருந்தது. வலது கன்னத்தில் கீறல்.

"கரைய ஒட்டியா ஓட்டறே? பைத்தியமா ஒனக்கு?"

"ரெண்டு பேரு போகணும்ல."

"ரெண்டு பேரு தாராளமாப் போற பாதைதானே அது!"

"மொதல்ல போச்சு," என்றார் ஹெஸ்ஸல். "இப்ப கொஞ்சம் கிட்டக்க வருது."

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. அடுத்த பனிநாளில் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். பத்தடி இடைவெளி. அவருடைய சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. முதல் மூன்று கிலோமீட்டர் ஒன்றுமில்லை. அவருடைய டக்-டக், இவளுடைய டக்-டக். குளிர். இந்த வயதில் இப்படி ஒரு கோமாளித்தனமா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பிறகு மூன்று கேட்டது.

முன்னால் இரண்டு. பின்னால் இவளுடையது. தன் காதை நம்பாமல் அவள் மிதிப்பதை நிறுத்தி, சைக்கிளைத் தானாக ஓடவிட்டுக் கேட்டாள். முன்னால் இரண்டுதான்.

ஹெஸ்ஸல் பேச ஆரம்பித்திருந்தார். சன்னமான குரல், இடையிடையே சிரிப்பு. இடது பக்கம் திரும்பிப் பேசுவது குரலிலேயே தெரிந்தது. சிவப்பு விளக்கு வலது பக்கமாக நகர்ந்தது... இன்னும் நகர்ந்தது... கான்கிரீட்டை விட்டுப் புல்லில் இறங்கியது. அவருடைய டக்-டக் நின்றுவிட்டது, புல்லில் மூட்டு ஏது? மற்றது மட்டும் பலகையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. பாதை முழுக்கக் காலி. நாணல் அவர் கைப்பிடியில் சரசரவென்று உரசியது.

"ஹெஸ்ஸல்! நடுவுல வா! நடுவுல வா!"

அவர் திரும்பவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்.

"எடமில்ல, வீட்ஸ்கா."

சிவப்பு விளக்கு சரிந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நாணல் மடிந்த சத்தம்தான் கேட்டது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். கரையில் குப்புறப் படுத்து, நாணலுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். அண்ணனை இழுத்துப் போட்டாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, போனில் உதவி கேட்டாள். ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. பனியில் அவர்களுக்கும் வழி தெரியவில்லை. அத்தனை நேரமும் அவரை மடியில் போட்டுக்கொண்டு அவள் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தாள், அவர் தூங்கிவிடக் கூடாது என்று. அவருக்கோ ஒரே கவலை. "சொல்லிட்டே இருந்தேன்... பாதியில நின்னுபோச்சு" என்று முனகிக்கொண்டிருந்தார்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டியும் பிழைத்துக்கொண்டார். இப்போது நகரத்தில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருக்கிறார். சைக்கிளைத் தொடுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்ஸ்கா போய்ப் பேசிக்கொண்டிருக்கிறாள். பனி விழுந்தால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறாராம். அவள் எழுப்பினால் எழுந்து வந்துவிடுகிறார்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். தங்கை தண்ணீருக்குள் கையை விட்டாள், அண்ணன் கை அகப்பட்டது, இழுத்தாள். பத்திரிகையில்கூட அப்படித்தான் வந்தது.

போன மாதம் இந்த மேசையில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அவளே என்னிடம் மிச்சத்தைச் சொன்னாள்.

தண்ணீருக்குள் கையை விட்டதுமே ஒரு கை அகப்பட்டதாம். இறுகப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தாள். நல்ல கனம். மணிக்கட்டு வெளியே வந்தது, முழங்கை வந்தது... அப்போது அவளுக்குப் பக்கவாட்டில், ஆறடி தள்ளி, அதே கரையோரத்தில் யாரோ இருமினார்கள்.

"வீட்ஸ்கா... நான் இங்க இருக்கேன்."

ஹெஸ்ஸலின் குரல். நாணல் வேரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார்.

அவள் விட்டுவிட்டாள். அது உடனே விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு விரலாக விட்டது.

"அண்ணன் கையி ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சு," என்றாள் வீட்ஸ்கா. "வெரலைப் பிரிக்கவே முடியல. அந்தத் தண்ணியில யாரு கெடந்தாலும் அப்படித்தானே இருக்கும்?"

நான் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

"நான் மொதல்ல பிடிச்ச கையி சூடா இருந்துச்சு."