மாத்தியும் மாறாத பார்வையாளர் நேரம்

…அதான் சொல்றேன், புதுசு புதுசுன்னு இவங்க பண்ற அலப்பறை இருக்கே, தாங்கல தம்பி! என்ன, மெஷின்ல டீ வரலியா? வராது. பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டணும். இந்தா… வந்துடுச்சு பாருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், வெப்சைட். இந்த ஆஸ்பத்திரி வெப்சைட்ல எழுதறது, திருத்தறது எல்லாம் நான்தான். அதோ, லாண்டரிக்குப் பக்கத்துல ஒரு கதவு தெரியுதா? அதுதான் நம்ம ராஜாங்கம். பழைய சிஸ்டத்துல எந்த பட்டன் எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். இப்ப அது கெழடாயிடுச்சாம், புதுசுக்கு மாறணுமாம். சரி, மாறித் தொலைங்கன்னா, ஒரேடியா மாறவும் மாட்டேங்கறாங்க! ஆயிரக்கணக்குல பக்கம் இருக்கு, மொத்தமா நகத்தினா சரிஞ்சுடும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் நகத்தணும்ங்கறான் இன்ஜினியர். எதக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை"ம்பான். அதனால அவனுக்கு பொறுமைன்னே பேர் வெச்சுட்டோம்.

இப்ப எங்க பொழப்பு எப்படின்னா, வீடு மாத்தறப்போ உப்பு பழைய வீட்ல, அடுப்பு புது வீட்ல… அந்தக் கதை. பல் டாக்டர் பக்கம் புதுசுக்குப் போயிடுச்சு, எலும்பு டாக்டர் இன்னும் பழசுல. வெளியிலருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் ஒரே சைட்டுதான், புதுசுல எழுத்து கொஞ்சம் பெருசா பளிச்சுனு இருக்கும், அவ்ளோதான். உள்ள கெடந்து அல்லாடறது நான்!

ஒவ்வொரு பக்கம் புதுசுக்குப் போறப்பவும் பொறுமை ஒரு மெயில் அனுப்புவான் பாருங்க… யப்பா! படிச்சு முடிக்கறதுக்குள்ள டீ ஆறி, ஆடை கட்டிடும். நான் தலைப்பப் பாத்துட்டு மூடிடுவேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பையன்தான். ஆனா அந்த மெயில்…

நீங்க ஏன் வாசலையே பாத்துட்டிருக்கீங்க? ஓ, லாரியா? கெளம்பணுமா? திரும்பி வர ஒரு வாரம் ஆகுமா! அப்ப இங்க யாரப் பாக்க… அதென்ன கையில, குட்டித் தொப்பி? அட, அப்பாவாயிட்டீங்களா! பொண்ணா? சொல்லவே இல்லியே! நான் எங்க சொல்ல விட்டேன், அதுவும் சரிதான். இன்னும் மொகத்தையே பாக்கலியா? சாயங்காலம்தான் விடுவேன்னுட்டாங்களா… சாயங்காலம் நீங்க ரோட்டுல இருப்பீங்களே. அடப் பாவமே.

பாக்க விடற நேரம் மத்தியானம்னு நெனச்சு வந்தீங்களா? அது பழைய நேரம் தம்பி. போன மாசமே சாயங்காலமா ஆக்கிட்டாங்க. தெனம் யாராவது இப்படி ஏமாந்து நிக்கறாங்க. பிரசவ வார்டு சிஸ்டர் வேற யாரும் இல்ல, எங்க அண்ணிதான். வீட்ல சோறு போடறப்போ கரண்டிய ஓங்கிட்டு, "உன் லட்சணமான வெப்சைட்டால நான்தான வாங்கிக் கட்டிக்கறேன்"னு கத்தறாங்க. நானா? மாத்திட்டேன் தம்பி! ஒரு தடவ இல்ல, மூணு தடவ. 'சேமிக்கப்பட்டது'ன்னு பச்சையா ஒரு வரி வரும், அதையும் கண்ணால பாத்தேன். நான் பழசுல திருத்தறத இந்தப் புது சிஸ்டம் குறுக்க வந்து முழுங்கிடுது, வேற என்ன? எல்லாம் பொறுமை பண்ற வேலைன்னு அண்ணிகிட்ட சத்தியம் பண்ணாத கொறதான்.

உங்க போன்ல என்ன காட்டுது? குடுங்க. பாத்தீங்களா, மத்தியானம்னே நிக்குது! இருங்க… இதென்ன, இவ்ளோ பளிச்சுனு இருக்கு? எழுத்தெல்லாம் பெருசா… இது புது சைட்டுல்ல? பிரசவப் பக்கம் எப்ப போச்சு? எனக்கு யாருமே சொல்லல…

மெயில்.

ஐயய்யோ. அப்ப நான் மூணு தடவையும் பழசுல திருத்தினது… காலி பண்ணின வீட்டுக்குப் போய் வெள்ளையடிச்சிருக்கேன் தம்பி!

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, உங்களுக்கு உரிமை இருக்கு. டீய வெச்சுட்டு எழுந்திரிங்க. ஸ்டாஃப் லிஃப்ட்ல போலாம், வாங்க. பொண்ணப் பாக்காம உங்கள லாரி ஏத்தினா எனக்கு சோறு எறங்காது. இப்படி… இடது பக்கம்…

அண்ணி! முறைக்காதீங்க. இவர அஞ்சு நிமிஷம் உள்ள விடுங்க, வண்டி எடுக்கணும், வர ஒரு வாரம் ஆகும். இல்ல, இவர் மேல தப்பில்ல. சைட்ல அப்படித்தான் இருக்கு. பொறுமை பண்ண தப்பா? இல்ல… அவனும் இல்ல. அது வந்து… தம்பி, நீங்களே எங்க அண்ணிகிட்ட சொல்லுங்க, அந்த மெயில் எவ்ளோ நீளம்னு… தம்பி?

அட, நான் பேசிட்டே இருக்கேன், மனுஷன் எப்பவோ உள்ள போயிட்டார்! கண்ணாடி வழியா பாருங்க அண்ணி, கொழந்தைக்குத் தொப்பிய முன்பக்கம் பின்னால வர்ற மாதிரி போடறார்… எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியல, பாவம். அழறார் அண்ணி.

சரி… நான்தான். போதுமா? கரண்டிய வீட்டுக்கு வந்து எடுத்துக்கோங்க. மொதல்ல கீழ போய் புதுசுல நேரத்த மாத்திட்டு வரேன்.