ஆளில்லாக் கட்டில்

ஒரு சிறிய அறையைப் பெரியதாகக் காட்டுவது அப்படியொன்றும் கடினமான காரியமன்று. அகலக் கோண லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தால் போதும். நான்கு சுவர்களும் தாமாகவே விலகி நிற்கும். அருகில் உள்ளவை தொலைவுக்குப் போய்விடும். காவல் ஆய்வாளர் ஐயா இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், பிறகு நான் சொல்வதில் குழப்பம் இராது.

எங்கள் வீடு மேல்மாடியில் ஓர் அறையும் ஒரு சமையலிடமும் கொண்டது. அறையில் அண்ணனுடைய கட்டில். தலைமாட்டில் அவருடைய ஆக்சிஜன் இயந்திரம். எதிரே பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு.

அண்ணன் பேருந்து நடத்துநராக இருந்தவர். நுரையீரல் கெட்டுக் கால்கள் விழுந்த பின்னும் அவருக்கு வாய் ஓயவில்லை. வீட்டுக்கு வருவோர் யாவரும் அவரைப் பார்க்கவே வந்தார்கள். நான் கதவைத் திறப்பேன். என்னைத் தாண்டிப் பார்த்தபடியே, "என்னண்ணே, இன்னிக்கு வண்டி எந்த ரூட்டு?" என்பார்கள்.

"நேரா மேல போற ரூட்டுதான். சில்லறை இல்லேன்னு இறக்கி விட்டுட்டான்" என்பார் அண்ணன். சிரித்துவிட்டுப் போவார்கள். நான் கதவைச் சாத்துவேன். நிலப்பட அலுவலகத்தில் கோடு வரைந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கும் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

பொழுதுபோக்காகப் படம் எடுப்போருக்கு வார இதழ் ஒன்று போட்டி நடத்திவந்தது. நடுவர் கிடையாது, வாசகர்களே வாக்களிப்பார்கள். என் படத்துக்கு எப்போதும் ஒரே ஒரு வாக்குத்தான் விழும். அது யாருடையது என்பதில் மர்மமில்லை.

"டேய், என் ஓட்டைக் குத்திட்டேன். மத்தவனுங்களுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு" என்பார் அண்ணன், கைப்பேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு. வாக்கே விழாமலிருப்பதைவிட அந்த ஒரு வாக்கு எனக்கு அதிகம் வலித்தது.

இம்முறை தலைப்பு, அகலக் கோணம். ஒரு மாலை, அண்ணனைக் கவனிக்க வரும் செவிலிப்பெண் அவரைக் குளிப்பாட்டத் தூக்கிச் சென்றிருந்தபோது அந்தக் கட்டிலைப் பார்த்தேன். விரிப்பில் ஒரு பள்ளம், தலையணையில் ஒரு குழி, மேலே சாய்வெயில். என் வாழ்க்கையை யாரேனும் படமெடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஆனால் அகலக் கோணத்திடமிருந்து எதையும் ஒளிக்க முடியாது. சமையலிடத்துக்குக் கதவில்லை. வாசல் நடையும் படத்துக்குள் வந்துவிடும். குளியலறையில் அவரைத் தனியே உட்கார வைத்தால் வழுக்கிவிடும். நான் அக்கறையற்றவன் அல்லேன். அந்த லென்ஸ் பார்க்காத இடம் ஒன்றே ஒன்று, அதன் முதுகுப்புறம்.

"அண்ணா, கொஞ்ச நேரம் பால்கனியில இருங்க. படம் எடுக்கணும்."

"நான் இருந்தா ரூம் சின்னதாயிடுமாடா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது. "சரி, பரிசோட வா. குழாய் இல்லாம ரொம்ப நேரம் தாங்க மாட்டேன், பாத்துக்க."

இயந்திரத்தை அணைத்துச் சமையல் மேடைக்கு அடியில் தள்ளினேன். அவரைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோய் விட்டு, கண்ணாடிக் கதவைத் தாழிட்டேன். காற்றில் திறந்துகொள்ளும் கதவு அது. கேமராவைக் கதவை ஒட்டி நிறுத்தி, தாழ்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவருடைய நாற்காலியின் நிழல் கட்டிலை எட்டாது என்பதை முந்தைய நாளே பார்த்து வைத்திருந்தேன்.

மேகம் வெயிலை மறைத்தது. காத்திருந்தேன். வெயில் மீண்டபோது விரிப்பின்மேல் ஒரு கையின் நிழல் விழுந்தது. ஐந்து விரல்களும் தெரிந்தன. கண்ணாடி சிறிது அதிர்ந்தது. ஒரு படம் எடுத்தேன். நிழல் அதைக் கெடுத்திருந்தது. ஆதலால் நிழல் இறங்கும்வரை பொறுத்திருந்தேன். அது மெல்லத்தான் இறங்கியது. பிறகு இரண்டாவது படத்தை எடுத்தேன்.

காற்று வேண்டுமென்று அவரே கேட்டதாகச் சொன்னேன், நம்பினார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் அவரைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள்.

வாக்குகள் வந்து குவிந்தன. 'யாரோ இப்போதுதான் எழுந்து போன கட்டில். இவ்வளவு தனிமையை நான் பார்த்ததில்லை' என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

செவிலிப்பெண் இதழை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், இந்தப் பூப்போட்ட விரிப்பு, அண்ணன் போன அன்னிக்கு மதியம் நான் புதுசாப் பிரிச்சுப் போட்டது. படத்துல மெஷினையும் காணோம். இதை எடுக்கறப்ப அண்ணன் எங்க இருந்தாரு?"

என் படத்தைக் குறித்து என்னிடம் நேரில் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆதலால் ஒன்றையும் மறைக்காமல் விடை சொன்னேன். அதன் பிறகே தாங்கள் வந்தீர்கள்.

முதலில் எடுத்த படத்தையும் நான் அழிக்கவில்லை. இதோ, பாருங்கள். அந்தக் கை எவ்வளவு சிறியதாக, எவ்வளவு தொலைவில் இருக்கிறது. அத்தனை தொலைவிலிருந்து தட்டினால் யாருக்குத்தான் கேட்கும்?