கண் கழுவும் குழாயில் தண்ணீர் இல்லை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, பெற்ற பிள்ளைகளை இந்தக் கட்டடத்தை நம்பி அனுப்பிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியோடு வந்திருக்கும் புதிய ஆராய்ச்சி மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு தையல்காரியின் வணக்கம்.

பாதுகாப்புப் பயிற்சி நாளில் தையல்காரிக்கு என்ன வேலை என்பீர்கள். என் தங்கை இங்கேதான் ஆராய்ச்சி செய்தாள். தோழர்கள் அவளுக்குச் சூட்டிய பட்டம் ‘போலீஸ்காரி’. கண்ணாடி போடு என்பாள், கையுறை மாட்டு என்பாள், ஆய்வகத்தில் தின்னாதே என்பாள். சிரிக்கிறீர்கள். அன்றும் இப்படித்தான் சிரித்தார்கள்.

பயிற்சி அப்போதும் நடந்தது, பெருமக்களே. திரையில் ஒரு படம் ஓடியது. கைப்பேசிகளில் வேறு படம் ஓடியது. அமிலக் கழிவையும் கரைப்பான் கழிவையும் ஒரே புட்டியில் ஊற்றாதீர்கள் என்றார்கள். யாரோ ஊற்றினார்கள். ஊற்றியதோடு இறுக மூடியும் வைத்தார்கள்.

அந்தப் புட்டியருகே, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நின்றாள். தொலைந்துவிடும் என்று கண்ணாடிகளையெல்லாம் அலமாரியில் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் விடுப்பில். “நீ போட்டுக்கம்மா, நான் தள்ளி நின்னுக்கறேன்” என்று தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள் என் தங்கை. அவள் தள்ளி நிற்பதற்குள் புட்டி வெடித்தது.

தப்பித்த அந்தப் பெண்தான் தங்கையைக் கண் கழுவும் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். குழாயை மறைத்து அட்டைப்பெட்டிகள். தள்ளிவிட்டுத் திறந்தால், சொட்டுத் தண்ணீர் இல்லை.

விபத்து என்றீர்களே! பூட்டி வைத்த கண்ணாடி விபத்தா? வறண்டு கிடந்த குழாய் விபத்தா? அடுக்கி வைத்த அட்டைப்பெட்டி விபத்தா?

அணுவை ஆராய ஆசைப்பட்டவள், இப்போது என் கடையில் அமர்ந்து, பொத்தான்களை விரலால் தடவித் தடவிப் பிரித்துத் தருகிறாள்.

சென்ற ஆண்டும் இதே மேடையில் இதைச் சொன்னேன். முன்வரிசையில் கைக்குட்டைகள் நனைந்தன. குழாயைப் பழுது பார்த்தார்கள். சில வாரம் எல்லார் கண்ணிலும் கண்ணாடி. பிறகு அது நெற்றிக்கு ஏறியது; நெற்றியிலிருந்து மேசைக்கு இறங்கியது. ஒரு விடுமுறை நாளில், துணைக்கு ஆளின்றித் தனியே வேலை செய்த மாணவன், கைகள் இரண்டும் வெந்து தரையில் கிடந்தான். காவலாளி கதவைத் திறக்கும்வரை அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா.

நான் புறப்படும்போது தங்கை கேட்டாள்: “இந்த வருஷமும் அழுவாங்களா, அக்கா?”

“அழுவாங்க” என்றேன்.

“அப்புறம்?”

அந்தக் கேள்வியைத்தான் இங்கே சுமந்து வந்திருக்கிறேன், பெருமக்களே. உள்ளத்தை உலுக்கும் என்று நான் நம்பிய சொற்கள் சில வாரங்களுக்கு மேல் ஓர் அலமாரியைக்கூடத் திறந்து வைக்கவில்லை. அடுத்த ஆண்டு என்னை அழைக்காதீர்கள். அழைப்பதற்கு உங்களுக்குப் புதிதாய் ஓர் அக்கா கிடைத்துவிடுவாளோ என்பதுதான் என் அச்சம்.

பொறுமையோடு கேட்டதற்கு நன்றி. கைதட்ட வேண்டாம். வணக்கம்.